வட சென்னையில் அக்கம்பக்கக் கூட்டுப்பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் தெரு அளவிலோ பிளாக் அளவிலோ ஏதாவது சேர்ந்து செய்யலாம் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது. விலைகள் எல்லாம் கணக்கைப் புரியவைக்கும் உதாரணங்கள். உங்கள் தெருக் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

சங்கம் இருக்கு, மன்றம் இருக்கு, மகளிர் குழு இருக்கு. இதில் புதிதாக என்ன?

சங்கம் கோரிக்கை வைக்கும். மன்றத்துக்குத் தலைவர் உண்டு, போர்டு உண்டு. மகளிர் குழுவில் சேமிப்பும் உள்கடனும்தான் மையம். கூட்டுப்பணியில் இந்த மூன்றும் இல்லை. வீட்டில் தனியாகச் செய்கிற ஒரு வேலையை, அது மாவு அரைப்பதோ துணி தைப்பதோ மிக்ஸி ரிப்பேரோ, நடந்து போகிற தூரத்தில் ஓர் இடத்தில், வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் பத்துப் பேர் சேர்ந்து செய்கிறார்கள். செய்ததை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் வராவிட்டாலும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இது சேவையும் இல்லை. கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம் என்று வரிசை உருவானால் அது வேறு வேலை ஆகிவிடும். நிவாரணப் பொருள் வாங்க நின்ற வரிசையில் யாரும் யாருக்கும் பழக்கமாவதில்லை.

இது வெளிநாட்டு யோசனையா?

இப்போது பேசப்படும் வடிவம் லண்டனில் சோதிக்கப்பட்டது. 2014-ல் வெஸ்ட் நார்வுட் என்ற பகுதியில் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். 2017-ல் பார்க்கிங் அண்ட் டேகன்ஹாம் வட்டாரத்தில் ‘எவ்ரி ஒன் எவ்ரி டே’ என்ற பெயரில் பெரிதாக்கினார்கள். கடைத்தெருவில் கடைகளை எடுத்து, சேர்ந்து சமைப்பது, தைப்பது, செய்து விற்றுப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். அங்கே உள்ளாட்சியும் அறக்கட்டளைகளும் பணம் போட்டன. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் நேரம் குறைவாகக் கேட்பது, காசு கேட்காமல் இருப்பது, வந்த அன்றே கையில் ஏதாவது கொடுத்தனுப்புவது என்ற மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வேர் இங்கேயும் இருக்கிறது. 1918-ல் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதற்குக் காரணமான செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் ஆலைப் பக்கத்து வியாபாரிகள். அவர்கள் நடத்திய பஜனை சபைக்கும் கடைக்கும் வந்துபோன பழக்கம்தான் சங்கமாகத் திரண்டது. பழக்கம் முதலில், அமைப்பு பிறகு. அதற்கும் முன்னால், 1904-ல், திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை வந்துவிட்டது.

கூட்டம் போட்டுப் பேசினால் நம்பிக்கை வராதா?

பெரும்பாலும் வராது. கூட்டத்தில் தெரிவது யார் நன்றாகப் பேசுவார் என்பது மட்டும்தான். வேலையில் வேறு விஷயங்கள் தெரியும்: யார் சொன்ன நேரத்துக்கு வந்தார், யார் தராசைச் சரியாகப் பார்த்தார், எல்லோரும் போனபிறகு யார் தரையைக் கழுவினார். சின்ன வாக்கு ஒன்று கண்ணெதிரே காப்பாற்றப்படுவதைப் பலமுறை பார்ப்பதுதான் நம்பிக்கை. அதனால்தான் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே இடம் என்று குறைந்தது எட்டு வாரம் நடத்த வேண்டும். இரண்டு வாரம் நடத்தி, ஒரு வாரம் விட்டு, அடுத்தது வேறு நாள் என்றால் முதலில் இருந்து தொடங்குவதுபோலத்தான்.

ஒரே வரிசை வீடுகளுக்குள் கைமாத்தும் பிள்ளை பார்த்துக்கொள்வதும் ஏற்கெனவே நடக்கிறது. அது உங்களால் வந்ததில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இல்லாதது எங்கே என்று பாருங்கள். ஏ பிளாக்குக்கும் டி பிளாக்குக்கும் நடுவே, சொந்த வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் நடுவே, கடலுக்குப் போகும் குடும்பத்துக்கும் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் நடுவே. அந்த இடைவெளியில்தான் வேலை.

முதல் வாரம் என்ன செய்வது?

சுமார் 60 வீடுகளுக்கு நடந்து போங்கள். இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவராவது அந்தத் தெருப் பெண்ணாக இருக்கட்டும். படிவமும் கிளிப் போர்டும் கையில் வேண்டாம். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் பல முயற்சிகள் இங்கேயே விழுகின்றன. கால்வாய் ஓரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் இருப்பவர்களுக்குக் கணக்கெடுப்பு என்றால் அடுத்தது வீட்டைக் காலி செய்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கமோ கண்ணகி நகரோ என்றுதான் தோன்றும். வீட்டு எண்ணை எழுதத் தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும்.

“உங்களுக்கு என்ன குறை?” என்றும் கேட்காதீர்கள். தண்ணீர், சாக்கடை, பட்டா என்று உங்களால் தீர்க்க முடியாத பட்டியல் வரும், தீர்க்காதபோது பேர் கெடும். அந்தப் புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 இருக்கிறது. கேட்க வேண்டியவை இரண்டே: “உங்களுக்கு நல்லா வர்ற வேலை எது?”, “வீட்ல தனியாச் செய்யச் சலிப்பா இருக்கறது எது?” இரண்டு பதில்களும் எங்கே ஒட்டுகின்றனவோ அதுவே முதல் வேலை.

இடத்துக்கு எங்கே போவது?

வாரியக் குடியிருப்பின் (பழைய பெயர் குடிசை மாற்று வாரியம்) தரைத்தளப் பொது இடம், பூட்டிக் கிடக்கும் கடை, மாடி, கேரம் கிளப், தேவாலய ஹால், பள்ளிவாசல் அறை, கோயில் மண்டபம், மாநகராட்சி சமூக நலக்கூடம். எதுவானாலும் இரண்டு சோதனை. ஒன்று, அந்த வாசலில் நிற்கத் தயங்குபவர் யாராவது இருக்கிறாரா? கட்சிக் கொடியோ சாதி சங்கப் போர்டோ மத அடையாளமோ இருந்தால் சிலர் காரணம் சொல்லாமலே வரமாட்டார்கள். எட்டு வாரத்துக்கு ஓர் இடம் என்று மூன்று இடங்களை மாற்றி மாற்றி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு, சாவி யாரிடம்? ஒருவரிடம் மட்டும் இருந்தால் இரண்டே மாதத்தில் அவர்தான் முதலாளி. மூன்று சாவி போட்டு மூன்று வீட்டில் வையுங்கள்.

இட அளவுக்கு ஒரு கணக்கு: பத்துப் பேர் நின்று வேலை செய்ய 200 சதுர அடி. அதற்குமேல் ஒரு மூலை பிள்ளைகளுக்கு. அந்த மூலை இல்லையென்றால் கைக்குழந்தைக்காரிகள் ஒருவரும் வரமாட்டார்கள்.

மின்சாரத்துக்குப் பொது விளக்கு லைனில் கொக்கி போட வேண்டாம். யார் வீட்டு இணைப்போ அவருக்கு மீட்டர் பார்த்து அன்றே காசு கொடுங்கள்.

எந்த நேரம் சரி?

தெருவைக் கேட்டுத்தான் முடிவு. மீன் விற்கும் பெண்கள் விடியற்காலை ஏலத்துக்குப் போய் மதியத்துக்குமேல்தான் ஓய்வார்கள். தூய்மைப் பணியாளர்களுக்கும் மதியத்துக்குமேல்தான் வசதி. தண்ணீர் லாரி வரும் நேரத்தில் எதுவும் வைக்கக் கூடாது. ஞாயிறு காலை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். காசிமேட்டில் வாரத்திலேயே பரபரப்பான நேரம் அதுதான்.

ஆண்டுக் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. காசு கேட்காத வேலைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை. வடகம், வற்றல் பிப்ரவரியில் இருந்து மே வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புளியந்தோப்பு, வியாசர்பாடித் தரைத்தளங்களில் தண்ணீர் நிற்கும். இயந்திரங்களை செப்டம்பரிலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.

முதல் வேலையாக எதை எடுத்தால் தோற்காது?

இட்லி மாவு. எல்லா வீட்டுக்கும் வேண்டும், தனியாக அரைப்பது இம்சை, பலன் அன்றே தெரியும்.

15 வீட்டுக்குத் தலா 2 கிலோ மாவு என்றால் 30 கிலோ. அதற்கு இட்லி அரிசி 10 கிலோ, முழு உளுந்து இரண்டரைக் கிலோ, வெந்தயம் 100 கிராம், உப்பு. அரிசி கிலோ 50, உளுந்து கிலோ 130 என்று வைத்தால் 500 கூட்டல் 325, வெந்தயம் உப்புக்கு 25, மொத்தம் 850 ரூபாய். ஒரு வீட்டுக்கு 57 ரூபாய்க்குள். கடையில் கிலோ 50 என்று வாங்கினால் 100 ஆகும். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவதால் அடுத்த வாரம் தானாக ஆள் வரும்.

முந்தின நாளே பதினைந்து பேரிடமும் காசு வாங்கிப் பொருள் வாங்குங்கள். ஊறவைப்பது இரண்டு வீட்டில்: அரிசி நான்கைந்து மணி நேரம், உளுந்து ஒரு மணி நேரம் போதும். 10 லிட்டர் சாய்க்கும் கிரைண்டரில் உளுந்தை ஒரே முறையாகப் போடாதீர்கள், பொங்கி வழியும். உளுந்து இரண்டு முறை, அரிசி மூன்று முறை. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். அரைக்க மட்டும் நல்ல தண்ணீர் 20 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும், கழுவ அதைப்போல இரண்டு மடங்கு. தண்ணீரை முதலில் பிடித்து வைக்காமல் ஊறவைத்துவிட்டு, குழாயில் வராமல் போய், எல்லாம் வீணாவதுதான் மிகப் பொதுவான விபத்து.

மாவைப் புளிக்கவைக்காமல் எடை போட்டுக் கொடுத்துவிடுங்கள். புளிப்பது அவரவர் வீட்டில். பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்றக் கூடாது என்று சொல்லியனுப்புங்கள். சென்னை வெயிலில் ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பத்துக்கு மேலும் ஆகலாம். “மாவு எழும்பவே இல்லை” என்று புகார் வந்தால் மூன்றைப் பாருங்கள்: உளுந்து பழசா, கிரைண்டர் சூடேறிவிட்டதா, உளுந்து அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் சேர்க்காமல் விட்டார்களா.

எடை போடுவது ஒவ்வொரு வாரமும் வேறு ஆள். எல்லோரும் பார்க்க, முள் பூஜ்யத்தில் இருக்க. இதில் தவறவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் “எனக்குக் குறைச்சலா வந்துச்சு” என்ற பேச்சுதான் தெருவில் நிற்கும்.

ஆம்பளைங்க வரவே மாட்டேங்கறாங்களே?

சமையலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், வரவேண்டும் என்பதற்காகத் திட்டியும் பயனில்லை. ரிப்பேர் நாள் வையுங்கள். இங்கே தெருவுக்கு நான்கு எலக்ட்ரீஷியன், இரண்டு மெக்கானிக் இருப்பார்கள். மாதம் இரண்டு முறை, மூன்று மணி நேரம். மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ், சைக்கிள். டிவியும் ஃப்ரிட்ஜும் எடுக்காதீர்கள்.

தேவையானவை: மல்டிமீட்டர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் செட் இரண்டு, கட்டிங் பிளேயர், 25 வாட் சால்டரிங் அயர்ன், இன்சுலேஷன் டேப், சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சில, மிக்ஸிக்கு கார்பன் பிரஷ்ஷும் கப்ளரும். இவற்றோடு கட்டாயம் ஒரு சீரீஸ் பல்பு போர்டு. பிரித்துக் கோத்த எந்தப் பொருளையும் நேராக பிளக்கில் சொருகாமல், 100 வாட் குண்டு பல்பை வரிசையில் வைத்துச் சோதிக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரியும், வேறொன்றும் ஆகாது. அது இல்லாமல் செய்தால் ஒரே நாளில் அந்த வீட்டு ஃபியூஸோடு உங்கள் மரியாதையும் போகும்.

பொருளின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும். “வெச்சுட்டுப் போறேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்” என்றால் எடுக்காதீர்கள். ஏனென்றால் அது இலவச கடை ஆகிவிடும், பக்கத்தில் உண்மையாகவே ரிப்பேர் கடை வைத்துப் பிழைப்பவர் பகையாவார். அவரையே முதல் நாள் அழைத்து, கஷ்டமான வேலைகளை அவர் கடைக்கு அனுப்புங்கள். இளைஞர்களை கேரம் போர்டோ கால்பந்தோ இருக்கும் இடத்திலேயே போய்ப் பிடியுங்கள். தனியாக ‘இளைஞர் அணி’ தொடங்க வேண்டாம்.

சாதி குறுக்கே வந்தால்?

வரும். பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். மாவு நாளுக்கு வருவார், ஆனால் குறிப்பிட்ட ஒருவர் கரைத்த மாவை எடுக்கமாட்டார். “எங்க வீட்ல இருக்கு” என்பார். இதைக் கூட்டத்தில் பேசித் தீர்த்ததாகப் பெரிதாகக் கேள்விப்பட முடியாது. வேலை அமைப்பில் தீர்க்கலாம். யார் யாரோடு சேர்ந்து எந்த வேலை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தண்ணீர் எடுப்பது, கரைப்பது, கழுவுவது எல்லாம் எல்லோருக்கும் சுற்றிவர வேண்டும். கழுவும் வேலை ஒரே ஆட்களிடம் போய் நின்றால் அதுதான் முதல் எச்சரிக்கை. அந்தத் தெருவில் இழுபறி கடுமையாக இருந்தால் சாப்பாட்டில் தொடங்காமல் துணி, ரிப்பேர், மாடிச் செடி என்று மூன்று மாதம் போய்விட்டுப் பிறகு அடுப்புக்கு வாருங்கள். விதியைத் தளர்த்தி ஒருவரைத் தக்கவைப்பதைவிட அவரை இழப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

காசை யார் வைத்திருப்பது?

ஒருவரும் தனியாக வைத்திருக்கக் கூடாது. மகளிர் குழுவில் ஊக்குநர், பிரதிநிதிகள், தீர்மான நோட்டு என்று பழகியவர்கள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பூட்டு இரண்டு உள்ள ஒரு பெட்டி, இரண்டு வீட்டில் சாவி. கையிருப்பு 2,000 ரூபாயைத் தாண்டினால் மறுநாளே வங்கிக்கு. வேலை முடிந்ததும் அங்கேயே எண்ணி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அன்றிரவே எல்லோருக்கும் அனுப்புங்கள். சுவரில் ஒரு கரும்பலகையில் வரவு, செலவு, இருப்பு என்று மூன்றே வரி. படிக்கத் தெரியாதவருக்கும் எண் தெரியும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் தலைவலி கியூஆர் அட்டை. வசதிக்காக யாராவது ஒருவருடைய ஜிபே எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். பணம் அவர் சொந்தக் கணக்கில் போய் அவர் செலவோடு கலந்துவிடும். அவர் திருடவே மாட்டார், ஆனாலும் மூன்றாவது மாதம் அவராலேயே கணக்குச் சொல்ல முடியாது. குழுவின் பெயரில் கூட்டுக் கணக்கு தொடங்கும்வரை ரொக்கம் மட்டும் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குழு வேண்டுமா?

வேண்டும், ஆனால் அறிவிப்புக்கு மட்டும். அட்மின் மட்டும் பதிவிடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் குட் மார்னிங் படமும் கட்சி வீடியோவும் நிரம்பிவிடும். பெண்களின் எண்கள் முன்பின் தெரியாதவர் கையில் சேர்வது இன்னும் பெரிய பிரச்சினை. அதற்காகவே சில வீட்டில் வெளியேறச் சொல்வார்கள். மாடிக்கு ஒருவர் என்று வைத்து அவர் நேரில் சொல்வது இன்றைக்கும் வேகமான வழி.

கவுன்சிலரிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். தலைமை தாங்க அழைக்காதீர்கள். பேனர் வேண்டாம், சால்வை வேண்டாம். 2022 முதல் வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகளுக்கு விதிகள் உள்ளன. இடம், தண்ணீர் இணைப்பு, விளக்கு போன்றவற்றை அங்கே எழுத்தில் வையுங்கள். நமக்கு நாமே திட்டத்தில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும் வழியும் இருக்கிறது. எட்டு வாரம் ஓடிய வேலை ஒன்றைக் காட்டிக் கேட்பதும் வெறும் மனு கொடுப்பதும் ஒன்றல்ல.

நம்பிக்கை வளர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

கேள்வித்தாள் கொடுத்தால் எல்லோரும் “ரொம்ப நல்லாருக்கு” என்பார்கள். இவற்றைப் பாருங்கள். முதல்முறை வந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் முறை வந்தார்கள்? நீங்கள் வராத நாளில் வேலை நடந்ததா? பிளாக் மாறிச் சாவி போகிறதா? ஒரு வீட்டுப் பிள்ளையை இன்னொரு பிளாக்கில் விட்டுவிட்டு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாளா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் தொழிலைப் பற்றிப் பேசலாம்.

எப்போது விற்கத் தொடங்கலாம்?

மூன்று மாதத்துக்கு முன்னால் வேண்டாம். முன்பதிவு இல்லாமலும் வேண்டாம். விற்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதம், யார் சொல்லிவைத்தார்களோ அவர்களுக்கு மட்டும் செய்யுங்கள். மிச்சம் வந்தால் நட்டம் யாருடையது என்ற சண்டை அப்போது வராது.

எந்தப் பொருள் என்பதையும் சேர்ந்து செய்த வேலையே காட்டும். பழைய வண்ணாரப்பேட்டையில் ஜவுளியும் ரெடிமேடும் இருப்பதால் கட் பீஸ் மலிவாகக் கிடைக்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் துணிப்பைக்குத் தேவையும் உண்டு. வியாசர்பாடியில் பர்மாவில் இருந்து வந்த குடும்பங்களின் அத்தோ என்ற நூடுல்ஸ், காசிமேட்டில் கருவாடு. கருவாட்டுக்கு மீன் மூன்று அல்லது நான்கு பங்குக்கு உப்பு ஒரு பங்கு. மணலில் போடாமல் தரையில் இருந்து மூன்றடி உயரத்தில் வலைத்தட்டில் காயவைத்தால்தான் மண் கலக்காமல் நல்ல விலை போகும். உப்பில் கஞ்சத்தனம் செய்தால் இரண்டாம் நாளே ஈ மொய்த்துப் புழு வைக்கும்.

தொழில் தொடங்கியபிறகும் வாரம் ஒரு நாள் பழையபடி எல்லோருக்கும் திறந்த வேலை நடக்க வேண்டும். அதை நிறுத்தினால் மிஞ்சுவது எட்டுப் பேர் கடை, அவ்வளவுதான். புது ஆள் வர வழி இருக்காது.

லாபத்தை எப்படிப் பிரிப்பது?

தலைக்குச் சமமாகப் பிரிக்காதீர்கள், மணிக்கணக்கில் பிரியுங்கள். மாவையே எடுத்துக்கொள்வோம். வாரம் ஆறு நடை, நடைக்கு 30 கிலோ, மொத்தம் 180 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் வரவு 9,000. பொருள் செலவு நடைக்குக் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்து 840 வீதம் 5,040. மின்சாரம், அறை வாடகை, கழுவும் சாமான் 960. மீதி 3,000. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 600 ரூபாய், கிரைண்டர் ரிப்பேருக்கும் மழைக்காலத்துக்கும் ஒதுக்குங்கள். 2,400 மிஞ்சும். ஒரு நடைக்கு அரைப்பதும் கொடுப்பதும் சேர்த்து எட்டு ஆள்மணி. ஆறு நடைக்கு 48. மணிக்கு 50 ரூபாய்.

இது பெரிய கூலி இல்லை. வீட்டுவேலைக்குப் போனால் இதைவிடக் கிடைக்கலாம். இதை முதல் நாளே கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். வீட்டுப் பக்கத்திலேயே, பிள்ளையை வைத்துக்கொண்டு, வாரம் ஆறு மணி நேரம் மட்டும் செய்ய விரும்புபவர்களுக்கு இது பொருந்தும். முழு வருமானம் எதிர்பார்ப்பவருக்குப் பொருந்தாது. ஆசை காட்டிச் சேர்த்தால் இரண்டாம் மாதம் பாதிப் பேர் போய்விடுவார்கள், போகும்போது யாரோ ஏமாற்றியதாகச் சொல்லிக்கொண்டே போவார்கள்.

என்னென்ன பதிவு தேவை?

உணவுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு வேண்டும், சிறிய அளவுக்கும் விலக்கு இல்லை. ஆன்லைனில் செய்யலாம். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, “எடுத்துத் தர்றேன்” என்று காசு கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும், அது தொழிலாளர் துறையின் வேலை. விற்பனைக்குச் சமைக்க 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தி மாட்டினால் அபராதம் உண்டு. பொட்டலம் கட்டி விற்றால் பொருட்கள், நிகர எடை, கட்டிய தேதி, பதிவு எண் லேபிளில் இருக்க வேண்டும். வாங்குபவர் தூக்கு கொண்டுவந்தால் 2 ரூபாய் குறைத்துக் கொடுத்தால் பொட்டலச் செலவே இல்லை.

அமைப்பு வடிவத்தில் அவசரப்பட வேண்டாம். முதல் ஆண்டு ஏற்கெனவே உள்ள மகளிர் குழுவின் கீழ் நடத்தலாம். பிறகு 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாண்மை. அதைப் பதிவு செய்யாமல் விட்டால் பாக்கி வைத்த கடைக்காரர் மீது நிறுவனம் வழக்குப் போட முடியாது. உற்பத்தியாளர் நிறுவனத்துக்குக் குறைந்தது பத்து உற்பத்தியாளரும் ஐந்து இயக்குநரும் வேண்டும், ஆண்டுதோறும் ஆடிட்டர் செலவும் வரும். மாதம் 40,000 ரூபாய்க்குக் கீழே புரளும் தொழிலுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது.

ஒருத்தர் காசை எடுத்துவிட்டால்? வேலைக்கு வராமல் பங்கு கேட்டால்?

பொதுச் சொத்தை மக்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம் சொன்ன ஒரு விஷயம் இங்கே உதவும். தண்டனை படிப்படியாக இருக்க வேண்டும். முதல்முறை தனியாகச் சொல்வது. இரண்டாம்முறை எல்லோர் முன்னும் நோட்டில் எழுதுவது. மூன்றாம்முறை ஒரு மாதம் பணப்பொறுப்பில் இருந்து விலக்கு. அதற்கும்மேல் தொழிலில் இருந்து வெளியே, ஆனால் வாரம் ஒரு நாள் திறந்த வேலைக்கு வரத் தடையில்லை. எடுத்த எடுப்பில் வெளியேற்றினால் அவர் ஒருவர் போவதில்லை, அவர் வரிசை வீடுகள் அத்தனையும் போகும். இந்தப் படிகளைச் சண்டை வருவதற்கு முன்னால் எழுதி வையுங்கள். வந்தபிறகு எழுதினால் அது விதியாகத் தெரியாது, பழிவாங்கலாகத்தான் தெரியும்.

முதலுக்கு நாங்களே சீட்டு பிடிக்கலாமா?

கூடாது. பதிவில்லாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டு சீட்டுச் சட்டப்படி குற்றம். வட்டி தருவதாகச் சொல்லி வெளியாரிடம் பணம் திரட்டுவது 2019-ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தில் மாட்டும். தீபாவளிச் சீட்டில் ஏமாந்த தெருவில் இதைத் தொட்டாலே மற்ற வேலையும் சேர்ந்து படுத்துவிடும். கிரைண்டர் வாங்க வேண்டுமானால் ஒதுக்கிய பணத்தில் இருந்து, இல்லையென்றால் மகளிர் குழுவின் வங்கிக் கடனில்.

குழு கலைந்தால் கிரைண்டர் யாருக்கு?

வாங்கும் அன்றே எழுதுங்கள். பில் குழுவின் பெயரில் இருக்கட்டும். இயந்திரத்தில் அழியாத மையில் தேதியும் விலையும். போட்ட காசு யார் யாருடையது, எவ்வளவு என்று நோட்டில் ஒரு பக்கம். கலையும்போது மூன்று வழிதான்: உள்ளேயே ஏலம் விட்டுப் பணத்தை அதே விகிதத்தில் பிரிப்பது, இன்னொரு தெருக் குழுவுக்கு விற்பது, திறந்த வேலைக்கு விட்டுவிடுவது. எந்த வழி என்று இப்போதே ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். அதுவரை யார் வீட்டில் நிற்கிறதோ அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை வாடகை கொடுத்துவிடுங்கள். வாடகை வாங்கியதற்கு அவர் போடும் கையெழுத்துதான், பிறகு அது அவருடையது இல்லை என்பதற்கு எழுத்தில் உள்ள சாட்சி.